கணவன் வேஷம்

தம்பி வீட்டோடு இருக்கும் அக்கா நான். என் தம்பி மனைவி ஒரு கல்லூரிக்குப் பாடம் நடத்துகிறவள். ஊரே அவளை டீச்சர் என்கிறது, நானும் அப்படியே எழுதுகிறேன். அவள் நடத்துவது பழைய ஆங்கில நாடகங்கள். அந்த நாட்டை ஒரு ராணி ஆண்ட காலத்தில் எழுதியவையாம்.

"நாட்டுக்குத்தான் ராணி, அண்ணி. வீட்டுக்கு வீடு புருஷன்தான் ராஜா. பொண்டாட்டி வாயைத் தொறந்தா அடி, பூட்டு, கத்தி" என்பாள்.

தம்பி அவளை வெளியே வேலைக்கு அனுப்பவில்லை. கெஞ்சிக் கூத்தாடி, மாலையில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பாடம் நடத்தச் சம்மதம் வாங்கினாள். அதற்கும் நிபந்தனை உண்டு. கூடத்தில், அவன் கண்ணெதிரே உட்கார வேண்டும். வீட்டு அமைதி கெட்டால் அன்றோடு வேலைக்கு முழுக்கு. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆண்டவனே, இதையாவது அவளுக்கு விட்டு வை என்று நான் அடுக்களையில் வேண்டிக்கொள்வேன்.

அன்றைய நாடகத்தில் ஒரு பிரபு, எதிர்த்துப் பேசிய மனைவியைக் கோபுரத்து அறையில் பூட்டிப் பட்டினி போட்டே கொன்றுவிடுகிறான். பிணத்தருகே நின்று, இப்போதுதான் நீ நல்ல மனைவி என்கிறான். அவன் மனைவியிடம் கேட்ட குணம் எது, தமிழில் ஒரே சொல்லில் சொல்லுங்கள் என்றாள் டீச்சர்.

"அடக்கம், டீச்சர்" என்றது ஒரு பெண் குரல்.

"பொணத்தைப் புதைக்கிறதும் அடக்கம்தானே? அந்தாளு ரெண்டையும் ஒண்ணா முடிச்சிட்டாரு!" என்றான் ஒரு குறும்புக்காரன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சரும் தன்னை மறந்து வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

நாற்காலி சரிந்த சத்தம் கேட்டது.

"என்னடி இளிப்பு? தெரு வரைக்கும் கேக்குது! பொம்பளைன்னா ஒரு அடக்கம் வேணாம்? மூடு அதை!"

தம்பிதான்.  

திடீரென்று கம்ப்யூட்டரிலிருந்து கைதட்டல்! "டீச்சர், பிரபு வேஷம் கட்டினது யாரு? அப்படியே இருக்கு!" என்றது அதே பெண் குரல்.

டீச்சர் தம்பியை ஏறிட்டுப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அவன் மானம் போகும், அதோடு அவள் வகுப்பும் போகும்.

"எங்க வீட்டுக்காரர்தாம்மா. உங்களுக்காகப் படிச்சுக் காட்டினாரு."

"சார், பின்னிட்டீங்க! இன்னொரு வாட்டி சார்!"

பிறந்ததிலிருந்து தனக்காக யாரும் கைதட்டிக் கேட்டறியாதவன் என் தம்பி. தலையைக் கோதிக்கொண்டு திரைமுன் குனிந்தான். "நெஜமாவா?" என்றான்.

வேலை தப்பியது. ஆனால் மறுநாள் முதல் அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொண்டான். அப்பன், அண்ணன், புருஷன், எல்லா வேஷமும் அவனுக்கே. அந்த ஆண்கள் செய்ததில் தப்பென்ன என்று நடுநடுவே விளக்கம் வேறு. அவள் வாயைத் திறக்க இடமில்லை.

பாத்திரம் துலக்கும்போது ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நல்லாத்தான் படிக்கிறான், இல்லே?" என்றேன்.

"நடிச்சாத்தானே அண்ணி கஷ்டம்" என்றாள்.

அதற்குள் கூடத்திலிருந்து குரல் வந்தது. "ஏய், எங்க போய்த் தொலைஞ்சே? ஒத்திகைக்கு வா!"