அலுமாரியில் பூட்டிய இன்ஹேலர்

முப்பது வருடம் அரசாங்க மருந்துக் களஞ்சியத்தில் கடமையாற்றியவன் நான். எந்த மருந்து எதற்கென்று டொக்டர்களுக்கே பாடம் எடுக்கலாம் என்ற நினைப்பு ஓய்வுபெற்ற பிறகும் ஓயவில்லை.

மனைவிக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். கண்டியில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்த டொக்டர், அதுவரை தினமும் இழுக்கச் சொல்லி ஒரு இன்ஹேலர் கொடுத்தார்.

"இது ஆஸ்துமாக்காரங்களுக்குக் குடுக்கிறது. ஒனக்கேது ஆஸ்துமா? ஆள் மாறி எழுதிட்டாங்க" என்றேன். விளக்கம் கேட்டு ஆஸ்பத்திரிக்குத் தபாலில் கடிதம் அனுப்பிவிட்டு, மருந்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

"நேர்ல போய்க் கேட்டா என்னங்க?"

"எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு."

"சரிங்க, பெரிய டொக்டர்" என்று சிரித்தாள்.

பதில் வருமுன் சத்திரசிகிச்சை நாள் வந்துவிட்டது. அது முடிந்த ஐந்தாம் நாள் நியூமோனியா பிடித்து மூச்சுத் திணறினாள்.

"இதுக்குப் பயந்துதான் முன்கூட்டியே அந்த மருந்தக் குடுத்தேன். ஒழுங்கா எடுத்தாங்களா?" என்று டொக்டர் கேட்டார். பக்கத்தில் மகள் நின்றாள்.

"எடுத்தாங்க" என்றேன்.

"அப்ப நாம செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சிட்டோம்" என்றார் டொக்டர்.

மனைவி போன பிறகு, அந்த வார்த்தையைச் சொல்லித்தான் மகள் என்னைத் தேற்றுகிறாள். மருந்தை எடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. அதை யாரிடம், எந்த முறைப்படி கேட்பதென்றும் தெரியவில்லை.