வேகப் பாதையின் குறுக்கே ஒரு டிபன் டப்பா

இந்த வேகப் பாதையை வரைந்த பொறியாளரே, கும்மிடிப்பூண்டியில் வேலைக்கு நடந்து போகிறவர்களை நீங்கள் மனிதர்களாகவே எண்ணவில்லை.

காலை ஏழாகப் பத்து நிமிடம் இருக்கிறது. நான் வந்த பேருந்து நெரிசலில் நிற்கிறது. பக்கத்தில், காசு கட்டுகிற கார்களுக்கென்று புதிதாகப் போட்ட பாதையில் வண்டிகள் பறக்கின்றன. அதற்கும் அந்தப் பக்கம்தான் தொழிற்சாலை வாசல். ஆறு பெண்கள் இறங்குகிறார்கள். நானும் இறங்குகிறேன்.

முன்னால் நிற்பவரை மற்றவர்கள் மேரிக்கா என்கிறார்கள். "இங்கேயா கடப்பீங்க?" என்று அவரிடம் கேட்கிறேன்.

"வேற எங்க சார்? ஏழுக்கு கேட்டு சாத்திடுவான். முன்னெல்லாம் மொத்த ரோடும் ஜாமாகி நிக்கும். வண்டிங்க நடுவுல பூந்து போய்க்கினு இருந்தோம். இப்ப காசு குட்த்தவன் நிக்கவே மாட்டேன்றான்."

எவர்சில்வர் டிபன் டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறார். வெயிலில் அது மின்னினால் ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைப்பார்களாம்.

"இன்னிக்கு மப்பா கீதே மேரிக்கா," என்கிறாள் பின்னால் நிற்பவள்.

"சூரியனுக்கு லீவுடி. நமக்குக் கெடையாது. கைய வுடாத, வா."

ஆறு பேரும் கைகோத்துப் பாதையில் இறங்குகிறார்கள். ஒரு வெள்ளைக் கார் ஹாரனை அழுத்திக்கொண்டு வருகிறது, வேகம் குறையவே இல்லை. கடைசிப் பெண்ணின் முந்தானை காற்றில் பறக்க, அவள் முதுகை ஒட்டிப் போகிறது. அந்தப் பக்கம் ஏறியதும் மேரிக்கா திரும்பி ஒவ்வொருவராக எண்ணுகிறார். பிறகு எல்லோரும் வாசலை நோக்கி ஓடுகிறார்கள்.

பொறியாளரே, நாளைக்கும் மப்பாக இருந்தால் இவர்கள் எங்கே கடப்பது? காலை ஏழு மணிக்கு இந்த வாசலுக்கு வந்து, இவர்கள் எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.