மாமாவுக்கு நாலு இடியப்பம்

டொக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. நான் சொன்னது பொய்!

என் கணவர் வெளிநாட்டில். அவருடைய தகப்பனாரும் நானும்தான் வெள்ளவத்தை வீட்டில். "டொக்டர் சாப்பாட்டைப் பாதியாக் குறைக்கச் சொன்னவர், மாமா" என்றேன். எட்டு இடியப்பம் சாப்பிடுகிற மனிதருக்கு அன்றிலிருந்து நாலுதான்.

ஏன் தெரியுமா உங்களுக்கு? சிரிக்காதீர்கள்... புழுக்களை நம்பி!

ஆய்வுகூடமொன்றில் நுண்ணிய புழுக்களை வளர்ப்பது என் வேலை. சிலவற்றுக்கு வயிறார உணவு, சிலவற்றுக்குக் குறைத்து. வயிறார உண்டவை அசைவற்றுக் கிடந்த பிறகும், குறைத்து உண்டவை நெளிந்துகொண்டிருந்தன. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது மாமாவைத்தான் நினைத்தேன். தாய் தகப்பன் இல்லாத எனக்கு வாய்த்த தகப்பன் அவர். நெடுங்காலம் இருக்கவேண்டுமென்று பேராசைப்பட்டேன்.

அளவுக்கு மீறிக் குறைத்தால் அந்தப் புழுக்களும் செத்துப்போகும். அதுவும் எனக்குத் தெரியும்! தெரிந்துமா செய்தேன்?

மாமா மெலிந்தார். சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டார். நாலோடு எழுந்து கைகழுவினார்.

ஒருநாள் காலி வீதி என்னும் பெருந்தெருவில் மயங்கி விழுந்தார். தேநீர்க்கடைக்கார நானா தூக்கி உட்காரவைத்து, சீனி அள்ளிப்போட்ட பிளேன்டீயும் பணிஸும் கொடுத்து, ஓட்டோவில் கொண்டுவந்து விட்டார். "பசியில மயங்கிட்டாரு, தங்கச்சி" என்றார். அந்த மனிதருக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்! இன்றும் அவர் கடையைக் கடக்கையில் மனதுக்குள் கைகூப்புகிறேன்.

ஆனால் அன்றைக்கும் மாமாவை டொக்டரிடம் கூட்டிப்போகவில்லை. பயம்... அவருக்காக அல்ல, எனக்காக.

மாமா இருக்கிறார். கடற்கரையில் நடக்கிறார், என் சமையலைக் கிண்டலடிக்கிறார். ஒவ்வொரு காலையும் அவர் இருமும் சத்தம் கேட்டதும், கடவுளே, நன்றி என்கிறேன். கேட்காமலே கிடைத்த பிச்சை இது.

வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் அவர் சொல்வது என்ன தெரியுமா? "மருமகள் அளந்து போட்டபடியாத்தான் நான் இன்னும் இருக்கிறன்."

"இனி நல்லாச் சாப்பிடலாமெண்டு டொக்டர் சொன்னவர், மாமா" என்று இன்னொரு பொய்யும் சொல்லிப் பார்த்தேன். முதல் பொய்யை நம்பியவர் இதை நம்பவில்லை. "நீர் பாவம் பார்த்துச் சொல்லுறீர், பிள்ளை. எனக்கு விளங்கும்" என்று சிரித்தார்.

உண்மையைச் சொல்லிவிடலாமே என்கிறீர்களா? சொன்னால் அந்தச் சிரிப்பு...

இன்று காலையும் நாலு இடியப்பத்துக்குப் பிறகு உள்ளங்கையால் தட்டை மூடினார். ஐந்தாவது இடியப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன்.