நாற்பது குஞ்சும் ஒரு மூட்டைக் குப்பையும்

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யார் எங்கே உட்கார்வது என்பது முதல் வாரத்திலேயே முடிவாகிவிடும். அம்மாவுக்கு டிரைவரின் முதுகுக்குப் பின்னால், கம்பியைப் பிடித்துக்கொள்ள வாகான ஓரம். பதினோரு வருடமாக அதே ஓரம். ஒரு மாதம் வராமல் இருந்தால் அங்கே வேறு ஆள் உட்கார்ந்துவிடும். திரும்பி வந்து கேட்டால் யாரும் சண்டை போட மாட்டார்கள். யாரும் நகரவும் மாட்டார்கள்.

அந்த இடத்திலிருந்து அம்மாவை இறக்கியது நான்தான்.

நான் கல்லூரி முடித்த வருடம் அவளுக்குத் தலைசுற்றல் வந்தது. காதுக்குள் ஏதோ நிலை தவறிவிட்டது, வளைவு ஏறி இறங்கக் கூடாது என்றார் டாக்டர். தோட்டத்துக்கு ஏறும் போடிமெட்டு மலையில் வளைவில்லாத பாதை எங்கே இருக்கிறது? அம்மா முந்தானையில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சொருகிக்கொண்டு போனாள். ஒருநாள் காய் எடுக்கும்போது சரிவில் உருண்டு, ஏலச்செடித் தூர் ஒன்றில் இடித்து நின்றிருக்கிறாள். இதை அவள் சொல்லவில்லை. கூடப் போகும் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

நான் அப்போது போட்டித் தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். காத்திருப்பது எனக்கு வராது. ஒரு வேலையைத் தொட்டால் அன்றைக்கே அதன் அடிமுதல் நுனிவரை தெரிந்தாக வேண்டும். செல்போனில் நாட்டுக்கோழி வளர்ப்புக் காணொளிகளை வரிசையாகப் பார்த்தேன். நாலாம் நாள் கல்லூரி கிராஃப் நோட்டில் கோழிவீட்டுக்கு வரைபடம் தயார். ஒரு குஞ்சுக்கு எவ்வளவு இடம், காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே, எல்லாம் குறித்திருந்தேன்.

"ஒரே ஒரு மாசம் மலைக்குப் போகாதம்மா. குஞ்சுக பொழைச்சு நின்னுச்சுன்னா அதையே பெருக்கிக்கலாம். நிக்கலையா, நீ போ. நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றேன்.

அம்மா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கோழிக்கு எதுக்குத்தா இம்புட்டுக் கட்டம்?" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் டிரைவரிடம் பேசினாள். ஒரு மாதத்துக்கு அவர் இடத்தைப் பிடித்து வைப்பதாக ஏற்பாடு. அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றும் சொல்லிவிட்டார்.

கடைசி நாள் வேலை முடிந்து இறங்கும்போது அம்மா ஒரு சாக்கு மூட்டையோடு வந்தாள். தோட்டத்தில் காய் உலர்த்தும் கட்டடத்தை ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரின் தரையைக் கூட்டி அள்ளிய குப்பை அது. காம்பு, தோல், உதிர்ந்த பூ, தூசி. மூட்டையைப் பிரித்ததும் வீடு முழுக்க ஏலக்காய் மணந்தது.

"உமியப் போயி வெலைக்கு வாங்கணுமா? கோழிக்கு இதையே விரிச்சு விடு. இதுல மருந்து வேற கெடக்கு, பேனு அண்டாது" என்றாள்.

என் திட்டத்தில் அம்மா தானாக முன்வந்து சேர்த்த ஒரே பொருள் அதுதான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். வரைபடத்தில் 'படுக்கை: உமி' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ஏலக்குப்பை என்று எழுதினேன்.

குஞ்சுகளைத் தேனிப் பக்கத்தில் ஒரு பொரிப்பகத்தில் வாங்கினேன். பொரித்து ஒரு நாள் ஆனவை, நாற்பது. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ் முழுக்கக் கீச்சுக் கீச்சென்று சத்தம். கண்டக்டர் என் பக்கத்தில் வந்து நின்று பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பொம்பளைக்கு டிக்கெட் இல்ல. இதுல சேவலு எத்தனைன்னு பிரிச்சுச் சொல்லும்மா, அதுக்கு மட்டும் கிழிச்சுத் தர்றேன்."

பஸ்ஸே சிரித்தது. போடி வரும்வரை யாராவது ஒருவர் பெட்டியைத் தொட்டுக்கொண்டே வந்தார்கள்.

முதல் மூன்று வாரம் குஞ்சுகள் வீட்டுக்குள்தான் இருந்தன. தகரத்தை வட்டமாக வளைத்து நிறுத்தி, தரையில் செய்தித்தாள் விரித்து, மேலே குண்டு பல்பு தொங்கவிட்டேன். குஞ்சுகள் பல்புக்கு அடியில் நெருக்கியடித்தால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு. அதற்குத் தகுந்தாற்போல் கயிற்றை ஏற்றி இறக்குவேன். ஏழாம் நாள், வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்கச் சொட்டு மருந்து விட வேண்டும். அம்மா ஒவ்வொன்றாகப் பிடித்துத் தர, நான் கண்ணில் ஒரு சொட்டு விட்டேன். நாற்பதும் முடிய ஒரு மணி நேரம் ஆனது. அம்மாவின் விரல்கள் காய் எடுத்துப் பழகியவை. ஒரு குஞ்சுகூட அவள் கையில் துள்ளவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் அவளுக்குத் தலைசுற்றல் வரவில்லை என்பதை நான் நோட்டில் எழுதி வைத்தேன். அப்படியெல்லாம் எழுதுகிற ஆளாக இருந்தேன்.

இதற்கிடையில் பின்பக்கம் கோழிவீடு எழும்பியது. ஆடிக்காற்று மலையிலிருந்து இறங்கி மேற்கே இருந்து அடிக்கும் ஊர் எங்களுடையது, தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். அதனால் மேற்குப் பக்கத்தை வீட்டுச் சுவரோடு ஒட்டி, வாசலைக் கிழக்கே வைத்தேன். பெருச்சாளி தோண்டி ஏறாதபடி நாலு மூலைக்கும் ஹாலோபிளாக் அடுக்கி, அதன்மேல் பழைய கதவை விரித்துத் தரையாக்கினேன். பக்கங்களுக்குக் கம்பிவலை. காய் உலர்த்தும் பழைய தட்டுகளை பழைய இரும்பு விற்கும் ஆக்கர்க்கடையில் எடைக்கு வாங்கி, வலையை மட்டும் பிரித்து எடுத்தேன். ஆணி அடித்ததில் இரண்டு நகம் கறுத்தது. அம்மா பலகையைப் பிடித்துக்கொண்டு, "வெரசா அடி, கை கடுக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆனால் விடவில்லை.

இருபத்திரண்டாம் நாள் காலையில் மூட்டையைப் பிரித்து, இரண்டு விரல் கனத்துக்குக் குப்பையைப் பரப்பினோம். குஞ்சுகளை விட்டோம். அவை காம்பையும் தோலையும் கிளறிக் கொத்தத் தொடங்கின. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து மூக்கை உறிஞ்சினாள்.

"ஏலக்கா மெத்தையில கோழியா? பிரியாணிக்கு இப்பமே மசாலா தடவிட்டாளா ஒம் மக?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கு நான் ஒரு காணொளி எடுத்தேன். அது இன்னும் செல்போனில் இருக்கிறது. திறப்பதும் இல்லை, அழிக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் ஐந்து குஞ்சுகள் காலைப் பரப்பிக்கொண்டு கிடந்தன. குளிர் என்று நினைத்து வலையைச் சுற்றிச் சாக்கு கட்டினேன். மத்தியானத்துக்குள் பதினொன்று. கழுத்து நடுங்கியது, அலகில் நுரையாக எச்சில் வடிந்தது. நிற்கப் பார்த்தவை முன்பக்கமாகச் சரிந்தன. செத்த ஒன்றையும் சாகப்போகும் ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் உயிரோடு இருந்ததைக் கையில் ஏந்திப் பார்த்தார். என்ன தீனி, என்ன தண்ணீர், என்ன படுக்கை என்று கேட்டார். படுக்கையைச் சொன்னதும் குஞ்சை மேசைமேல் வைத்துவிட்டார். சோதனைக்கு அனுப்பாமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஆரம்பித்தார். பிறகு, "ஏலத்துக்கு எத்தன வாட்டி மருந்தடிக்கிறாங்கன்னு தெரியுமாம்மா? அந்தத் தூசியில கொண்டுபோயி விட்டிருக்கீங்க" என்றார். நான் என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டார். விலங்கியல் என்றேன்.

மருந்து. மலையில் பூச்சிக்கொல்லிக்கு வேறு பெயர் கிடையாது. மருந்தடிக்கிற அன்னைக்கு, மருந்து கலக்குற டிரம்மு, மருந்து வாடை. பிறந்ததிலிருந்து அந்தச் சொல் வீட்டில் புழங்கியது. அந்தப் பொருள்கள் நரம்பை எப்படிப் பிடிக்கும் என்று கல்லூரித் தேர்வில் படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன், மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அம்மா வாயிலிருந்து மருந்து என்று வந்தபோது என் காதில் மருந்து என்றுதான் விழுந்தது. கண்ணில் விட்டோமே, அதைப் போல நல்லது ஒன்று.

திரும்பி நடந்து வரும்போது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தேன். சர்க்கரை போட்டார்களா இல்லையா என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் முடிவு செய்தேன். மூட்டையைக் கொண்டுவந்தது அம்மா. அதனால் இது அவளுக்குத் தெரியக் கூடாது.

வீட்டில் அம்மா மீதிக் குஞ்சுகளை முறத்தில் தனியாக எடுத்து வைத்திருந்தாள். ஏழு. மற்றவை வரிசையாகக் கிடந்தன.

"டாக்டரு என்ன சொன்னாரு?"

"வெள்ளக்கழிச்சலாம்மா."

"அதுக்குத்தான சொட்டு விட்டோம்?"

"சில நேரம் கேக்காதாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். சரி என்றாள்.

குளித்துவிட்டு வந்தபோது பின்பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. அம்மா முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டியிருந்தாள். செத்த குஞ்சுகளைப் போட்டுவிட்டு, கோழிவீட்டிலிருந்த குப்பை அத்தனையையும் வழித்து அதே குழிக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். மூக்கிலும் வாயிலும் துண்டு கட்டியிருந்தது. இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பையை மாட்டி மணிக்கட்டில் முடிந்திருந்தாள். மண்ணை மூடி மிதித்து, மேலே இரண்டு ஹாலோபிளாக்கைத் தூக்கி வைத்தாள். பக்கத்து வீட்டுக் கோழிகள் வந்து கிளறிவிடக் கூடாதே. கழிச்சலில் செத்த கோழியைப் புதைக்க யாரும் மூக்கைக் கட்டுவதில்லை.

நான் வாசல்படியிலேயே நின்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். இன்றுவரை நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அன்று சாயங்காலம் டிரைவருக்குப் போன் போட்டு, "நாளையிலருந்து வர்றேண்ணே" என்று மட்டும் சொன்னாள். மாதம் முடிய இன்னும் ஆறு நாள் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை, அப்படித்தானே பேச்சு. விடியும் முன்னே ஜீப் வரை கூடப் போனேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து உள்ளே நகர்ந்துகொண்டாள். அம்மா ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஜீப் கிளம்பியது.

பகல் முழுவதும் ஏழு குஞ்சுகளோடு இருந்தேன். கோழிவீட்டைக் கழுவி வெயிலில் காயவிட்டிருந்ததால் பழையபடி தகர வட்டம், செய்தித்தாள், பல்பு. அவை தின்றன, குடித்தன. ஒன்று மட்டும் ஒரு காலை இழுத்தது. நோட்டில் எதுவும் எழுதவில்லை.

சாயங்காலம் அம்மா வந்தபோது முகம் வெளுத்திருந்தது. வழக்கமாக வந்ததும் உள்ளே நுழைந்து சுவரோரம் சாய்ந்துவிடுவாள், நான் பக்கத்தில் போய் உட்காருவேன். சின்ன வயதில் அந்தச் சேலை மடியிலேயே தூங்கியிருக்கிறேன். அன்று அவள் வாசலைத் தாண்டவில்லை. நான் காப்பியோடு எழுந்து போனேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சேலையெல்லாம் மருந்து. கிட்ட வராத, குஞ்சுகளத் தொடுற கை" என்றாள்.

டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். அவள் குனிந்து எடுத்துக்கொண்டு, வெளியே நின்றபடியே குடித்தாள். உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"தின்னுச்சுகளா?"

"தின்னுச்சும்மா" என்றேன்.