ஹாம்ஸ்டருக்குச் சளி பிடித்தால்

எங்கள் தொழிலில் முதலில் நோயைக் கொடுக்க வேண்டும், பிறகுதான் மருந்து. காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுக்கூடம். ஹாம்ஸ்டர் என்கிற குட்டைவால் எலிகளுக்குச் சளிக்காய்ச்சல் வைரஸைக் கொடுத்து, ஆன்டிபாடி ஊசி அதை அடக்குகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஆன்டிபாடி என்பது கிருமியை மடக்க நம் உடம்பே செய்துகொள்கிற புரதம். அதை வெளியில் தயாரித்து ஊசியாகப் போடுகிறோம். 'என்ன வேலை பாக்குறீக?' என்று யாராவது கேட்டாலே பேச்சை மாற்றுகிறவர்களே, நீங்களும் நம்ம ஆள்தான்.

வீடு பார்த்த படலம்

வாடகைக்கு வீடு கேட்டுப் போனேன். எலிக்கு ஊசி போடுகிற வேலை என்றதும் வீட்டுக்காரம்மாவின் முகம் மலர்ந்தது. நான் வைரஸ், நுரையீரல் என்று விளக்கிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் இருக்கட்டும். நம்ம மச்சுல எலித் தொல்லை தாங்கல. வேலைக்குப் போறப்ப அதுகளையும் கூட்டிட்டுப் போயிருவீகளா?"

மணமகன் அறை

ஹாம்ஸ்டர்களை ஏற்றிவந்த வேன் சாக்கோட்டையில் நின்றது. ஏசியும் நின்றுவிட்டது. சித்திரை வெயிலில் அவை கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. மாற்று வண்டியோடு பதறி ஓடினால் வேனில் டிரைவர் இல்லை, பெட்டிகளும் இல்லை. நடுரோட்டில் நின்று சுற்றிலும் தேடினேன்.

எதிரே இருந்த கல்யாண மண்டபத்திலிருந்து டிரைவர் கையாட்டினார். கெஞ்சிக் கூத்தாடி, மணமகன் அறையில் ஏசியைப் போட்டு, பெட்டிகளை வரிசையாக அடுக்கியிருந்தார். எல்லாம் உயிரோடு, மூக்கை ஆட்டிக்கொண்டு இருந்தன. மணப்பெண்ணின் தாய்மாமன் மட்டும் வாசலையே பார்த்தபடி நின்றார். "மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வந்து, யாரு இவுகன்னு கேட்டா நான் என்னம்மா சொல்லுவேன்? வெரசாக் கூட்டிட்டுப் போங்க!"

தும்மல்

ஒருநாள் விலங்குக்கூடத்தின் வாசலில் தும்மிவிட்டேன். எங்கள் கால்நடை மருத்துவர் சேகர் கதவை மறித்துக்கொண்டார். சாதாரணச் சளிதான் என்றேன். "நாம குடுத்த சளியா, நீங்க குடுத்த சளியான்னு அப்புறம் எலிகிட்டயா கேக்க முடியும்? வீட்டுக்குப் போங்க மேடம்!"

எடை

நோய் முற்றினால் ஹாம்ஸ்டர் எடை குறையும். பாதிக்கு ஆன்டிபாடி, பாதிக்கு வெறும் உப்புநீர். எதற்கு எது என்று எங்களுக்கே சொல்லமாட்டார்கள். இதற்கு முன் போட்ட ஆன்டிபாடி எதுவும் பலிக்கவில்லை. இந்த முறை ஒரு கூட்டம் மட்டும் இளைக்காமல் கொறித்துக்கொண்டே இருந்தது. நுரையீரலைப் பார்க்க எல்லாவற்றையும் வலியில்லாமல் ஒரேயடியாக உறங்கவைத்த அன்று, கேன்டீனில் சாப்பாடு அப்படியே மிஞ்சியது.

கடைசியில் விவரம் வந்தது: தேறியவை மருந்து போட்டவைதான். நாங்கள் கைதட்டினோம். எங்கள் தலைவி வள்ளியம்மை மேடம் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு சொன்னார்: "ரொம்ப ஆடாதீக. எலிக்குக் கேட்டிருக்கு. மனுசனுக்குக் கேக்குமான்னு மனுசன்தான் சொல்லணும்."

ஊரார் நிம்மதியாக மூச்சுவிட வேண்டுமென்று ஒரு வாயில்லா ஜீவனுக்கு மூச்சுவாங்க வைக்கிறோம் என்பதைத் தவிர, இந்த வேலையில் பெரிய குறை ஒன்றும் இல்லை.