ஓடாமல் வைத்த வண்டி

என் அக்கா வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்குகிற மனுஷர், கட்டிய பெண்டாட்டியை மட்டும் லிப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடியில் குடிவைத்திருந்தார். இதை நான் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது. "மாப்ள, உனக்கு வாய் மட்டும் இல்லேன்னா நாய் தூக்கிட்டுப் போயிடும்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார். கோபப்படத் தெரியாத ஆள். அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருந்தது.

அது சொந்த வீடு. கல்யாணமான புதிதில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கியது. அப்போதெல்லாம் அக்கா இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவாள். நாற்பது தாண்டியதும் முட்டி தொந்தரவு கொடுக்க ஆரம்பித்தது. ஒருநாள் மூன்றாவது மாடித் திருப்பத்தில் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள். பின்னால் வந்த மாமா பார்த்துவிட்டார். பையை எடுத்துக்கொண்டார். அன்றைக்கே மனதுக்குள் முடிவு கட்டிவிட்டார்: லிப்ட் இருக்கிற கட்டடத்தில் இவளுக்கு ஒரு வீடு வாங்கியே ஆகவேண்டும். இருக்கிற வீட்டை விற்றால் பாதிதான் தேறும். மீதிக்கு எங்கே போவது என்பதுதான் கேள்வி.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தில், லிப்ட்டின் அடிக்குழிக்குள் இறங்கி வேலை பார்த்துவிட்டு வெளியே வந்தவரின் கண்ணில் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் பட்டது. இரண்டே இரண்டு இருக்கை. தரையோடு தரையாக, தூசி படிந்து நின்றது. சொந்தக்காரர் வேறு நாட்டுக்குக் குடிபோகிறவர். "இந்த மாடலையே கம்பெனி நிறுத்திட்டாங்க, இனிமே வராது. வெச்சிருந்து வித்தா தங்கம்" என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார். மாமா சேமிப்பையெல்லாம் வழித்துத் துடைத்துக் கொடுத்து வாங்கிவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. "பணம் போடணும்னா பேங்க்ல போடணும். கார் வாங்கணும்னா குடும்பம் உக்கார்ற மாதிரி வாங்கணும். இது என்ன மாமா, ரெண்டுங்கெட்டானா?"

அவர் ஆற அமர விளக்கினார். "புது வண்டி கடையை விட்டு வெளியே வந்த நிமிஷமே விலை இறங்கும் மாப்ள. அந்த நஷ்டமெல்லாம் முதல்ல வாங்கினவனோட போச்சு. இனிமே ஏறுறதுதான் பாக்கி. கிலோமீட்டர் கூடக் கூடாது, கீறல் விழக் கூடாது. அவ்வளவுதான்."

அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழே, மாடிப்படியை ஒட்டி ஒரு ஒடுக்கமான இடம் இருந்தது. வண்டி அங்கே போனது. பழைய போர்வைகளை ஒட்டுப்போட்டு அதற்கு உறை தைத்துக் கொடுத்தவளே அக்காதான். தைத்துக்கொண்டே சொன்னாள்: "சக்களத்திக்குக் கீழ் வீடு, எனக்கு மேல் வீடா? நல்லா இருக்குங்க உங்க நியாயம்."

அன்றிலிருந்து அவள் அதைச் 'சின்னவ' என்றுதான் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை மாமாவைத் தேடி யாராவது வந்தால், "சின்னவளைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்காரு, கீழ போய்ப் பாருங்க" என்பாள். அவரும் உறையை விலக்கி, பழைய பனியனால் துடைப்பார். டயர் அமுங்கிப் போகாமலிருக்க அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்திருந்தார். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு அணைத்துவிடுவார். வாசலைத் தாண்டி மட்டும் எடுக்கமாட்டார். "ஒரே ஒரு சுத்து போய்ட்டு வரலாமே" என்று அக்கா ஒருமுறை கேட்டாள். "கொஞ்சம் பொறு, வித்துட்டு புது வீட்டுக்கே போயிடலாம்" என்றார். அவள் அப்புறம் கேட்கவில்லை.

வருஷம் ஏழு ஓடியது. வண்டி ஓடவில்லை.

இதற்கு நடுவில் அக்கா, மருந்துக்கடையில் பார்த்துவந்த கேஷியர் வேலையை விட்டாள். அந்த முதலாளி மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டதாக மாமாவிடம் சொன்னாள். அவர் நம்பினார். விடிவதற்குள் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புகிற மனுஷருக்கு, பகலில் அவள் அந்தப் படிகளில் படுகிற பாடு எப்படித் தெரியும்? நான் பார்த்தேன். சொல்லப்போனேன். அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"வாயைத் திறந்தே, இந்த வீட்டு வாசப்படி மிதிக்காதே. வலின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், அந்த மனுஷன் நாளைக்கே வந்த விலைக்குத் தள்ளிடுவாரு. எனக்காகத்தானேடா பொத்திப் பொத்தி வெச்சிருக்காரு? நல்ல விலை வரட்டும்."

ஒருத்தருக்காக ஒருத்தர் வாயை மூடிக்கொண்டு இருவரும் நாசமாகப் போகிற கூத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அன்பு என்றால் அன்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் ஒருநாள் மாமாவுக்கே நேரம் வந்துவிட்டதாகத் தோன்றியது. லிப்ட் உள்ள கட்டடம் ஒன்றில் நல்ல வீடு விற்பனைக்கு வந்திருந்தது. முட்டுக்கட்டைகளை எடுத்துவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, பழைய கார் வாங்கி விற்கிற கடைக்கு நடைவேகத்தில் ஓட்டிப்போனார். விலை மதிப்புப் போட ஒரு பெண் வந்தாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் மல்லாக்கப் படுத்து, நகர்ந்து நகர்ந்து பார்த்தாள். வெளியே வந்து கையைத் துடைத்தபடி ஒரு தொகை சொன்னாள். மாமா வாங்கிய விலையில் பாதிகூட இல்லை.

"கிலோமீட்டரைப் பாருங்கம்மா, ஓடவே இல்லையே" என்றார் மாமா.

"அதான் சார் பிரச்சினையே. நிக்க வெச்சு நிக்க வெச்சு ரப்பரெல்லாம் காஞ்சு வெடிச்சிருக்கு. ஆயில் கசியுது. பிரேக்ல துரு. ஸ்டார்ட் பண்ணி உடனே அணைச்சா உள்ள ஈரம் தங்கிடும் சார். மாசத்துக்கு நாலு தடவை நல்லா ஓட்டியிருந்தா இதைவிடக் கூடத்தான் போயிருக்கும்."

"இந்த மாடல் இனிமே வராதுன்னு சொன்னாங்களே..."

"விலை ஏறுற வண்டியும் இருக்கு சார், இல்லேன்னு சொல்லல. அதெல்லாம் எண்ணி நூறு, இருநூறுதான் செஞ்சிருப்பாங்க. இது ஆயிரக்கணக்கில வந்தது. நிறுத்தினதும் உங்களை மாதிரியே எல்லாரும் வாங்கி மூடி வெச்சுட்டாங்க. இப்ப எல்லாரும் ஒண்ணா விக்க வர்றாங்க." அவள் குரலில் ஏளனம் இல்லை. பிரேக்கைக் கொஞ்சம் சரிபண்ணிக் கொடுத்து, பார்த்து ஓட்டச் சொல்லி அனுப்பினாள்.

மாமா முகத்தில் ஈயாடவில்லை. பூட்டி வைத்தால் மெஷின் கெட்டுவிடும், ஆள் இல்லாவிட்டாலும் தினமும் இரண்டு தடவை லிப்ட்டை ஓட்டுங்கள் என்று காவல்காரர்களிடம் தொண்டை வற்றக் கத்துகிறவர் இவர். ஊருக்குத்தான் உபதேசம். வாய் வரைக்கும் வந்தது எனக்கு. அவரைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தியவர் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நீயே போய்ச் சொல்லிடு மாப்ள. என்னால அவ மூஞ்சியைப் பார்க்க முடியாது."

மேலே போய்ச் சொன்னேன். அக்கா அடுப்பை அணைத்தாள்.

"அவர் எங்கே?"

"கீழ. படியில."

கிளம்பிவிட்டாள். மாதக்கணக்காக வீட்டை விட்டு இறங்காதவள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை வைத்து, அடுத்த காலை அதே படியில் சேர்த்து, மூச்சுவிட்டு, அப்புறம் அடுத்த படி. பிடிக்கப்போன என்னை "விடுடா" என்று தள்ளினாள். சத்தம் கேட்டு மாமா அண்ணாந்து பார்த்தார். தன் பெண்டாட்டி எப்படிப் படியிறங்குகிறாள் என்று அவர் பார்த்தது அன்றைக்குத்தான். எழுந்தார். ஓடிவந்து தாங்க வேண்டும் என்பதுகூடத் தோன்றாமல், இடித்துவைத்த புளி மாதிரி நின்றார்.

அக்கா இறங்கிவந்து, அவர் தோளைப் பிடித்துப் படியில் உட்கார்ந்தாள். விலையைக் கேட்டாள். அவர் சொன்னார்.

"சரி. இனிமே ஓட்டினா குறையறதுக்கு ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்ல."

"அப்போ எடுங்க. இறங்கினது இறங்கிட்டேன், திரும்ப ஏற என்னால ஆகாது. தம்பி வீடு தரையிலதானே இருக்கு, அங்க போவோம். நேரா போகாதீங்க, நல்லா சுத்திப் போங்க."

நான் என் பைக்கில் பின்னால் போனேன். கடைத்தெரு வழியாக, மருந்துக்கடையைத் தாண்டிப் போனார்கள். அக்கா கையை வெளியே நீட்டி யாருக்கோ ஆட்டினாள். பெரிய சாலைக்கு வந்ததும் சிவப்பு வண்டி ஒரு உறுமு உறுமியது. அதற்கப்புறம் என்னால் பிடிக்க முடியவில்லை.

அந்த வண்டி பிறகு அந்தப் பெண் சொன்ன விலைக்கே போனது. லிப்ட் வீடு கைக்கு எட்டவில்லை. நாலாவது மாடியை வாடகைக்கு விட்டு, என் தெருவிலேயே தரைவீடு ஒன்றுக்கு அவர்கள் வாடகைக்கு வந்தார்கள். இதை முதல் வருஷமே செய்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை, வாய்கிழியப் பேசுகிற எனக்கும்தான்.

ஆனால் அன்று சாயங்காலம் அதெல்லாம் யாருக்கும் தெரியாது. நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி என் வீட்டு வாசலில் நின்றது. அவ்வளவு தாழ்ந்த இருக்கையிலிருந்து அக்காவால் எழுந்திருக்க முடியவில்லை. காலிரண்டையும் வெளியே வைத்துவிட்டு, சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். மாமா நடுத்தெருவில் அவள் முன்னால் மண்டியிட்டிருந்தார்.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

அக்காவின் சிரிப்பு மெல்லப் போய்விட்டது.

"வலிக்குதுங்க" என்றாள். "ரொம்ப வருஷமா வலிக்குது."

சொல்லிவிட்டு, சின்னப் பெண்ணைப் போல உதட்டைப் பிதுக்கி அழுதாள். மாமா அவளுடைய இரண்டு முட்டியையும் இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொண்டு அப்படியே இருந்தார். பின்னால் வந்து நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று நான் கையைக் காட்டினேன்.