வாபஸ் நாளில் மலையேறியது

அந்த முறை எங்கள் வார்டில் தேர்தலே நடக்காமல் போயிருக்க வேண்டியது. பெண்களுக்கான வார்டு என்று அறிவிப்பு வந்ததும், அதுவரை கவுன்சிலராக இருந்தவர் தன் வீட்டம்மாவின் பெயரில் மனுப் போட்டார். அந்தம்மாவை எதிர்த்து மனுக் கொடுத்த நான்கு பெண்களில் மூன்று பேர் இரண்டே நாளில் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது என் அத்தை மட்டும்தான். அவளும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் அன்னபோஸ்ட். ஓட்டும் வேண்டாம், மைக் செட்டும் வேண்டாம், கவுன்சிலர் வீட்டம்மா நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம். எங்கள் ஊரில் அதைப் பெருமையாகத்தான் சொல்வார்கள், எதிர்த்து நிற்க ஆளில்லை என்று. ஆள் இல்லாமல் போனது எப்படி என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. தேர்தல் என்றால் ஆட்டோவிலிருந்து பறக்கும் நோட்டீசுகளைப் பொறுக்குவது என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

அத்தை, அப்பாவின் தங்கை. கல்யாணமாகி நாலு வருடத்தில் அவளுடைய வீட்டுக்காரர் மலைக்கு மேலே எஸ்டேட் வேலைக்குப் போனார், போன இடத்தில் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அத்தை எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். போடியில் ஓர் ஏலக்காய் குடோனில் காய் தரம் பிரிக்கிற வேலை. சாயங்காலம் அவள் வந்து தலை வாரிவிட்டால் என் கூந்தலும் ஏலக்காய் மணக்கும். அம்மாவுக்கும் அவளுக்கும் ஆகாது. குழம்புக்கு உப்புப் போடுவதில் தொடங்கி, கொடியில் துணி காயப்போடுவது வரைக்கும் தகராறுதான். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் தேர்தலில் நின்றதற்குக் காரணம் ஒரு கழிப்பறை. எங்கள் தெருக் கோடியில் பெண்களுக்கென்று நகராட்சி கட்டிய கழிப்பறை அது. திறப்பு விழா நடந்தது, போட்டோ எடுத்தார்கள், பூட்டினார்கள். தண்ணீர் இணைப்பு வரவில்லை என்று சொன்னார்கள். பெண்கள் பழையபடி விடியுமுன்னே ஓடைப்பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். அத்தை குடோனில் தன்னோடு வேலை பார்த்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, மனு எழுதி, கவுன்சிலரிடம் கொண்டுபோனாள். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அவர் மனுவைப் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி, "அதுக்கென்னத்தா, நீயே கவுன்சிலரா வந்து தெறந்துக்க" என்றார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். அடுத்த தேர்தலில் எங்கள் வார்டு பெண்கள் வார்டு ஆனபோது, அத்தை அவர் சொன்னதைத்தான் செய்தாள்.

வாபஸ் வாங்குவதற்குக் கடைசி நாளுக்கு முந்தைய நாள், எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்துகொண்டே இருந்தன. சொந்தக்காரர்கள் வந்தார்கள், வேண்டியவர்கள் வந்தார்கள். எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். புருசன் இல்லாத பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று என் அத்தையை வைத்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா எஸ்டேட்டுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். ஜீப்பின் சொந்தக்காரர் கவுன்சிலருக்கு மைத்துனர். அவர் மட்டும் வீட்டுக்கு வரவில்லை. அப்பாவைக் கூப்பிட்டு, நாளை மூன்று மணிக்குள் உன் தங்கச்சி நகராட்சி ஆபீசில் வந்து கையெழுத்துப் போடவேண்டும், இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்லியிருக்கிறார்.

அப்பா அதை வீட்டில் சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சோற்றைத் தொடவில்லை.

அத்தை அந்தத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு, "நான் போயி போட்டுர்றேண்ணே" என்றாள்.

அடுப்படியிலிருந்து அம்மா வெளியே வந்தாள். கையில் கரண்டி இருந்தது.

"போட்டுட்டு வந்தேன்னா இந்த வீட்ல ஒனக்குச் சோறு கெடையாது" என்றாள்.

வழக்கமான சண்டைதான் ஆரம்பமாகிறது என்று நான் சுவரோரம் நகர்ந்துகொண்டேன். ஆனால் யாரும் சண்டை போடவில்லை. மூன்று பேரும் தணிந்த குரலில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தூங்கிப்போனேன்.

மறுநாள் விடிவதற்குள் அம்மா என்னை எழுப்பினாள். இரட்டைச் சடை போட்டு, தீபாவளிக்கு எடுத்த கவுனை ஒரு மாதம் முந்தியே மாட்டிவிட்டாள். இன்றைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம், அத்தையோடு போ என்றாள். அத்தைக்கே அது புதிதாக இருந்தது.

"இவ எதுக்கு மதினி? வளைவுல வாந்தி எடுப்பா."

"கூட்டிட்டுப் போ" என்றாள் அம்மா. அதற்குமேல் காரணம் சொல்லவில்லை. ஜீப் வந்து நிற்கும் இடத்துக்கு எங்களைக் கொண்டுவந்து விட்டபோது மட்டும் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாள். "நானே வந்து கூப்பிட்டாத்தேன் நீ எறங்கணும். வேற யாரு வந்து என்ன சொன்னாலும் காதுல வாங்காத."

எங்கள் இரண்டு பேரையும் ஒரே நாளில் வீட்டைவிட்டு அனுப்புவதில் அம்மாவுக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்கு அழுகை வந்தது.

அது அப்பா ஓட்டும் ஜீப் இல்லை, வேறு ஜீப். உள்ளே பெண்கள் தூக்குச் சட்டிகளோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மலை உச்சியில் இருக்கும் போடிமெட்டுக்கு ஏறுவதற்குள் நான் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். மெட்டைத் தாண்டி, மண்பாதையில் இறங்கி, ஓர் ஏலத்தோட்டத்தில் நிறுத்தினார்கள். அங்கே தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் அத்தையின் பழைய சிநேகிதி ஒருத்தி இருந்தாள். முன்பு குடோனில் அத்தையோடு காய் பிரித்தவள், மலையாளமும் தமிழும் கலந்து பேசுவாள். "வா மோளே" என்று என்னைத் தூக்கிப்போய் முகம் கழுவிவிட்டு, பால் விடாத சாயா கொடுத்தாள். நான் அதற்குள் எல்லாவற்றையும் மன்னித்திருந்தேன்.

அத்தை சும்மா உட்காரவில்லை. இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு காய் எடுக்கிறவர்களோடு சேர்ந்துகொண்டாள். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேலே வளர்ந்து இலை விரித்து நிற்கும், ஆனால் காய் தரையை ஒட்டித்தான் காய்க்கும். எடுக்கிறவர்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடியே நகர வேண்டும். மேலே இருந்து பார்த்தால் இலைதான் தெரியும். அப்பாவின் கைக்கடிகாரம் அத்தையின் மணிக்கட்டில் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. நாலு காய்க்கு ஒருதரம் அதைத் திருப்பிப் பார்த்தாள்.

மதியம் ஒரு மணி இருக்கும். மேலே பாதையில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் யாரோ விசாரித்தார்கள். அந்தக் குரலை எனக்குத் தெரியும். கவுன்சிலரின் பைக்கில் எப்போதும் பின்னால் உட்கார்ந்து வருகிறவர். பள்ளிக்கூடத்து வாசலில் என் சடையை இழுத்து, தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நான் எழப்போனேன். அத்தை என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள்.

கங்காணி அப்படி யாரும் வரவில்லை என்றார். அந்த ஆள் நம்பவில்லை. பாதையின் ஓரமாகவே நடந்துகொண்டு செடிகளைப் பார்த்துக் கூப்பிட்டார். முதலில் நயமாகத்தான் பேசினார். ஒரே ஒரு கையெழுத்துத்தான், நாங்களே கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுகிறோம் என்றார். இலைகளிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் தலை நிமிராமல் காய் எடுத்தார்கள்.

கொஞ்சம் பொறுத்து அவர் குரலை மாற்றினார்.

"யக்கா, இனிமே மறைச்சு என்ன. ஒங்கண்ணனுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில சேத்துருக்கு. ஒங்களத்தேன் கேக்குறாரு. வெரசா வாங்க."

நான் அப்பா என்று கத்துவதற்குள் அத்தையின் கை என் வாயைப் பொத்திவிட்டது. பச்சைக் காயின் வாசம் மூக்கில் ஏறியது. திமிறினேன், உதைத்தேன். விடவில்லை என்றதும் அவள் உள்ளங்கையைக் கடித்தேன். பல் நன்றாகவே இறங்கியது. அவள் கையை எடுக்கவில்லை. ஆனால் ஒரு முழங்காலை ஊன்றிப் பாதி எழுந்தாள். அடுத்த செடிக்குக் கீழிருந்து சிநேகிதி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தை மறுபடி உட்கார்ந்தாள்.

"ஒங்கம்மா வரலைல்ல" என்று என் காதுக்குள் சொன்னாள். "ஒங்கம்மா வரல பாப்பா."

எனக்குச் சொன்னாளா, தனக்குச் சொல்லிக்கொண்டாளா, தெரியாது. அந்த ஆள் இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார். கூடப்பிறந்தவன் சாகக் கிடக்கும்போது ஒளிந்திருக்கிறவள் ஒரு பொம்பளையா என்று கேட்டார். ஜீப் திரும்பிப் போகும் சத்தம் கேட்ட பிறகுதான் என் வாய்மேலிருந்து கை இறங்கியது. என் காலில் ஓர் அட்டை கொழுத்துத் தொங்கிக்கொண்டிருந்ததை அப்போதுதான் இருவரும் பார்த்தோம். சிநேகிதி சுண்ணாம்பு தடவி அதை எடுத்துவிட்டாள்.

அதற்குப்பின் அத்தை ஒரு காய்கூட எடுக்கவில்லை. மூன்று மணி ஆனது. கடிகாரம் முந்தி ஓடினால் என்ன செய்வது என்று இன்னும் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மண்பாதையில் ஓடினாள். காய் மூட்டை லோடு ஏற்றிப்போன வண்டியில் மெட்டு வரைக்கும், அங்கிருந்து பஸ்சில் போடி. வழியெல்லாம் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் அப்பாவுக்கு உடம்பு முடியாதபோது வராதவள் என்று அவளை அன்றைக்கு மனதார வெறுத்தேன்.

நாங்கள் தெருவுக்குள் நுழையும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. அப்பா வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் அத்தை அப்படியே தெருவிலேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஜீப் சாவியை அப்பா நாலு மணிக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

நான் அம்மாவிடம் ஓடிப்போய்ப் புகார் சொன்னேன், அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று சொல்லியும் அத்தை வரவில்லை என்று. அம்மா என் காலில் காய்ந்திருந்த ரத்தத்தைத் துடைத்தபடி, "வந்திருந்தா வாசப்படி மிதிக்க விட்டிருக்க மாட்டேன்" என்றாள். எனக்கு எந்தப் பக்கம் சேருவதென்று தெரியவில்லை.

அத்தைக்குச் சீப்புச் சின்னம் கொடுத்தார்கள். நாங்கள் பிள்ளைகள் சுவரிலெல்லாம் சாக்பீசால் சீப்பு வரைந்தோம். கவுன்சிலரும் அவர் வீட்டம்மாவும் வீடு வீடாக ஏறி இறங்கிக் கைகூப்பினார்கள். எங்கள் தெருவுக்குள் அந்தம்மா கால் வைத்தது அதுதான் முதல் தடவை என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அத்தை தோற்றாள். ஒரு மினி பஸ்சில் ஏற்றிவிடக்கூடிய அளவு ஓட்டுத்தான் வித்தியாசம். அப்பா ஒரு வருடத்துக்குமேல் குடோன்களில் மூட்டை தூக்கி, பிறகுதான் வேறொருவரின் வண்டிக்கு டிரைவரானார். அடுத்த தேர்தல் வருவதற்குப் பல வருடமாயிற்று. அப்போதும் அத்தை நின்றாள், ஜெயித்தாள். இப்போது அவள் சாப்பிட உட்கார்ந்தால் போதும், சாக்கடை அடைத்துக்கொண்டதென்று போன் வந்துவிடும். குழம்பில் உப்பு கூடிப்போனதென்று அம்மாவோடு இன்னும் சண்டை போடுகிறாள்.

மலையிலிருந்து திரும்பியதற்கு மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்லாமல் தாண்டி வந்துவிட்டேன். அன்றைக்கும் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையும் குழாயடிக்குக் கூட்டிப்போனாள். தண்ணீர் வரும் நேரம், நல்ல கூட்டம். நாங்கள் போனதும் பேச்சு நின்றது. "நேத்து எங்க போயிட்டு வந்தன்னு பெரியம்மாகிட்டச் சொல்லு" என்று, வரிசையில் நின்ற ஒரு மூத்த பெண்ணைக் காட்டி என்னை முன்னால் தள்ளினாள்.

எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும். ஜீப்பில் வாந்தி எடுத்ததிலிருந்து ஆரம்பித்தேன். சாயா, சாக்கு, அட்டை, நான் கடித்த கடி, எதையும் விடவில்லை. அம்மா நடுவில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அத்தை உங்கூடவே இருந்தாளா?"

"ஆமா. என் கைய விடவே இல்ல."

அங்கிருந்து பலசரக்குக் கடைக்குப் போனோம், அங்கும் சொல்லச் சொன்னாள். மாவு மில்லிலும் சொல்லச் சொன்னாள். இரண்டு இடத்திலும் அதே கேள்வியைக் கேட்டாள், நான் அதே பதிலைச் சொன்னேன்.

புருசன் விட்டுப்போன ஒருத்தி விடியுமுன் ஜீப் ஏறிப்போய், பகல் முழுக்க மலையில் இருந்துவிட்டு இருட்டித் திரும்பினால் ஊர் என்ன பேசும் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பேச்சை அன்றைக்குக் காலையிலேயே கவுன்சிலரின் ஆட்கள் தெருவில் விட்டிருந்தார்கள் என்பதும் தெரியாது. அவர்கள் பேசுவதற்கு முன்பே, முந்தின நாள் இருட்டில் எனக்குச் சடை போடும்போதே அம்மா அதை யோசித்துவிட்டாள் என்பது, நானும் வளர்ந்து, வெளியூர் விடுதியில் ஒருத்தியைப் பற்றி மற்றவர்கள் அப்படிப் பேசக் கேட்டபோதுதான் விளங்கியது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் பேசினால் ஊரே நின்று கேட்கிறது என்பதுதான். மாவு மில்லிலிருந்து திரும்பும் வழியில், நாளைக்கும் வந்து சொல்லவா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"போதும்" என்றாள்.